பூசணிக்காய்க்குப் பிறகு ஏலம்போன ஆறு

"ஒருதரம்!" என்று உபதேசியார் கத்தியபோது லிவிங்ஸ்டன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். பூசணிக்காய் போய்விட்டது, முட்டையிடுகிற கறுப்புக் கோழி போய்விட்டது, ஒரு குலை நாட்டு வாழையும் போய்விட்டது. இப்போது கோயில் முற்றத்தில் மேசைமேல் ஏறி நின்று, கழுத்து வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் ஏலம் விடுவது, அன்று காலை ஆராதனையில் லிவிங்ஸ்டன் பியானோவில் வாசித்த பாட்டை, அவனே கட்டிய பாட்டை, அதோடு சேர்ந்து வந்த ஆற்றையும்.

"எதைத் தூக்கிக் காட்டி ஏலம் விடுதீரு உபதேசியாரே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "கோழின்னா காலைப் புடிச்சிக் காட்டலாம். இதை என்ன செய்வீரு?"

"காலைல உம்ம வீட்டுக்காரி அஞ்சு குடம் புடிச்சிட்டுப் போனால்லா, அதைத் தூக்கிப் பாரும், கனம் தெரியும். ரெண்டுதரம்!"

கிருபாபுரத்துக் கோயிலில் தோத்திரப் பண்டிகைக்கு ஒரே ஒரு சட்டம்தான். காணிக்கை நேரத்தில் பீடத்துக்கு முன்னால் எது வைக்கப்படுகிறதோ அது ஏலத்துக்கு வரும், எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார், கொடுத்தவர் அதற்குப் பிறகு அதைச் சொந்தம் கொண்டாடக்கூடாது. ஒரு வருஷம் எஸ்தர் டீச்சர் முழங்கால்போட்டு ஜெபிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பீடத்தடியில் மறந்துவைத்துவிட, அதுவும் ஏலத்துக்கு வந்து, பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் எடுத்து, டீச்சர் வீட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். டீச்சர் புதுசு வாங்கிக்கொண்டார். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

லிவிங்ஸ்டன் செய்த மடத்தனமும் அதுதான். பிரசங்கத்துக்குப் பிறகு வாசிக்கிறேன் என்றான். பிரசங்கமே நீளும், காணிக்கை நேரத்தில் வாசி என்றார் கோயில் பாதிரியாரான சேகரகுரு. சரி என்று தலையாட்டிவிட்டான், பியானோ கிடப்பதும் பீடத்துக்கு முன்னால்தான்.

"மூணுதரம்!"

செல்வதாசன் அண்ணாச்சி எடுத்துவிட்டார். மணல் லாரிக்காரர். கொம்பனாற்று மணலை அள்ளுகிற இயந்திரமும் அவருடையது, அதை ஏற்றிப்போகிற லாரிகளும் அவருடையவை, கோயில் மணிக்கூண்டும் அவர் கட்டிக்கொடுத்தது, ஊரில் பாதி வீட்டில் அவர் லாரி ஓட்டுகிறவனோ அவர் லாரிக்கு மண்வெட்டி பிடிக்கிறவனோ ஒருத்தன் இருந்தான். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல லிவிங்ஸ்டனுக்கே வாய் வராது. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

ஏனென்றால் தம்பி பிரின்ஸுக்குச் சவப்பெட்டி வாங்கிக்கொடுத்ததும் அண்ணாச்சிதான். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார், அது நிஜமான அழுகை. பிரின்ஸ் பிறந்தது முதல் கொம்பனாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததில்லை, ஆறு என்றால் லாரி ஓடுகிற இடம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஒரு கோடைமழைக்கு ஆற்றில் அங்கங்கே தண்ணீர் நிற்கிறது என்று யாரோ சொல்ல, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினவன், முழங்கால் அளவு என்று நினைத்துக் கால் வைத்த இடம் இயந்திரம் தோண்டிய குழி. அண்ணாச்சி ஒரு மாசம் மணல் அள்ளவில்லை. அப்புறம் அள்ளினார்.

லிவிங்ஸ்டன் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சபைக்கூட்டத்தில் எழுந்து, "மணல் அள்ளுததை நிப்பாட்டணும், கிணறெல்லாம் உப்பாயிட்டு, எங்க வீட்டுல ஒரு உசுரும் போயிட்டு," என்று சொன்னபோது, "சின்னப்பய உக்காருடே," என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்பா சூரத்தில் மளிகைக்கடையில் வேலைக்கு நின்றார், அவர் போனில், "பெரியவங்ககிட்ட வாய் காட்டாத," என்றார். பேசினால் உட்காரச் சொல்வார்கள், பியானோவில் மட்டும்தான் உட்கார்ந்தே சொல்லலாம், கோயில் நடுவில் எழுந்துபோகவும் யாருக்கும் தைரியம் வராது, முழுசையும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டான். என்றோ ஒரு வெள்ளைக்காரக் குருவானவரின் மனைவி விட்டுப்போன அந்தப் பியானோவை ஞாயிறுதோறும் பாட்டுக்காரர்களுக்கு வாசிப்பவன் அவன்தான். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வார்த்தையே இல்லாத ஒரு பாட்டை ஒரு வருஷமாகக் கட்டினான்.

அந்தப் பாட்டு இரண்டு பாதி. முதல் பாதியில் வலது கை தண்ணீர், முதலில் ஒரு நூல், பிறகு ஒரு வாய்க்கால், பிறகு கரைக்கும் கரைக்கும் முட்டிக்கொண்டு போகிற ஆறு. இரண்டாம் பாதியில் இடது கை கீழேயிருந்து வரும், இயந்திரம் மாதிரி, அவசரமே இல்லாமல், குழி பறித்துப் பறித்து, வலது கையிலிருந்து ஒவ்வொரு சுரமாக அள்ளிக்கொண்டு போகும். கடைசியில் வலது கைக்கு ஒரே ஒரு கட்டை மிஞ்சும், அதையும் எடுத்துவிடும், அதற்குப் பிறகு பிரின்ஸைத் தேடின நேரம் இருக்கிறதே, அவ்வளவு நேரம் சும்மா இருக்கவேண்டும். முதல் பாதி இரண்டாம் பாதிக்காகத்தான். அவன் ஊருக்குச் சொல்ல நினைத்தது இரண்டாம் பாதியைத்தான்.

ஆனால் பண்டிகைக் காலையில் அவன் வாசிக்க ஆரம்பித்ததும் கொம்பனாற்றில் தண்ணீர் வந்தது. மேற்கே மேகமில்லை, அணையில் மதகு திறக்கவில்லை, லாரித்தடத்தின்மேல் முதலில் ஒரு நூலாக வந்து, பிறகு வாய்க்காலாகி, நாணல் வாசனையோடு, நாணல் எதுவும் இல்லாத ஆற்றில் நாணல் வாசனையோடு, இரண்டு கரையும் முட்டிக்கொண்டு வந்தது. வெளியில் செருப்புக்குக் காவல் இருந்த பிள்ளைகள், "ஆறு வருது!" என்று கத்தினார்கள். காணிக்கைத் தட்டு ஏந்தினவர் தட்டோடு எழுந்தார், பாட்டுக்காரர்கள் புத்தகத்தோடு எழுந்தார்கள், பெண்கள் வீட்டுக்கு ஓடிக் குடம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓட, சேகரகுரு வெள்ளை அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் ஓடினார். இரண்டாம் பாதியைக் கேட்டது பீடத்துக்கு முன்னால் கால் கட்டிக் கிடந்த கறுப்புக் கோழி மட்டும்தான். இடது கை குழி பறிக்கப் பறிக்க ஆற்றில் தண்ணீர் வடிந்தது, கடைசிக் கட்டையோடு ஈரமும் போய் மணல் வெந்தது, குடத்தில் பிடித்தது மட்டும் குடத்தில் நின்றது. குடித்துப் பார்த்தார்கள். உப்பு இல்லை.

இப்படித்தான் அது ஏலத்துக்கு வந்தது. ஏலம் முடிந்ததும் அண்ணாச்சி அவன் தோளில் கை போட்டார்.

"பாட்டு என்னுது. ஆனா தண்ணி ஊருக்கு. புதனும் சனியும் சாயங்காலம் லாரியெல்லாம் கரையேறினப்புறம் நீ வாசி. ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டாம் பாதி வேண்டாம்டே."

"அதில்லாம அது பாதிப் பாட்டு அண்ணாச்சி. பொய்யில்லா?"

"பொய்யாவே இருக்கட்டும். பொய் குடிக்கத் தண்ணி தருதுல்லா? உன் உண்மை என்ன தந்துச்சி?"

லிவிங்ஸ்டன் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். தண்ணீர் வந்ததால் அவர் சொன்னது சரியாகிவிடாது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊர் ஆற்றைப் பழகிக்கொண்டது, புதுசாய் வந்த பேருந்தைப் பழகிக்கொள்வதுபோல, வந்த அன்றைக்கு வாய் பிளந்து, மறுவாரம் ஏன் லேட்டு என்று திட்டி. புதனும் சனியும் சாயங்காலம் குடங்கள் வரிசையில் நின்றன, துணிமூட்டைகள் வந்தன, எருமைகள் தாமே வந்தன, பாட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் பெண்கள் பெயர் வைத்தார்கள், மெதுவாகப் போகிற இடம் குடத்துப் பாகம், துள்ளிக்கொண்டு போகிற இடம் துணிப் பாகம், அடுக்கடுக்காய் ஏறுகிற இடம் எருமைப் பாகம். ஆற்றங்கரையிலிருந்து கோயில் ஜன்னலுக்கு ஆள்மாற்றி ஆள் சத்தம் வரும், "லிவி, எருமைப் பாகத்தை இன்னொருக்கா வாசிடே, சனியன் எந்திரிக்க மாட்டேங்கு!" கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே ஆறு ஓடும் நேரமும் அச்சானது. பக்கத்தூர் பெந்தெகொஸ்தே போதகர் வந்து, "எங்க சபையில மூணு பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் இருக்கு, இடுப்பளவு தண்ணி வேணும், அதுக்கு மேல போயிராம வாசிக்கச் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டார். மேலத்தெருக்காரர்கள் சுடலைமாடன் கொடைத் திருவிழாவுக்குத் தீர்த்தம் எடுக்கவேண்டும் என்று அண்ணாச்சியைப் பார்த்துப் பேசி, மேளதாளத்தோடு குடம் தூக்கிக்கொண்டு கோயில் வாசல்வரை வந்து, "தம்பி, சாமிக்கு நேரமாச்சி, பெட்டியைத் தட்டு," என்றார்கள். லிவிங்ஸ்டன் தட்டினான். மாடனும் யேசுவும் அந்தச் சாயங்காலம் ஒரே தண்ணீரைக் குடித்தார்கள், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. பாட்டு எதைப் பற்றி என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு சின்னப்பெண், "அண்ணன், இதுக்கு அப்புறம் என்ன வரும்?" என்று கேட்டாள், அவன் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா, "ஏட்டி, தண்ணி போயிரும், குடத்தை எடு," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மற்ற நாளில் அண்ணாச்சியின் இயந்திரம் முன்னைவிட வேகமாகத் தோண்டியது. முன்பாவது மணல் போகிறதே, தண்ணீர் போகிறதே என்று முணுமுணுக்க நாலு பேர் இருந்தார்கள். இப்போது ஆறுதான் வாரம் இரண்டு தடவை வருகிறதே. குழி ஆழமாக ஆழமாக, தண்ணீர் மேலே தெரிவதற்குப் பாட்டும் நீளவேண்டியிருந்தது. ஆரம்பத்தில் ஓர் அடி வாசித்தால் வந்த நூல் இப்போது அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் வந்தது, தண்ணீர் முதலில் எல்லாக் குழியையும் நிரப்பிவிட்டுத்தான் ஓட ஆரம்பித்தது. வலது கை மணிக்கட்டு வீங்கி அவன் அதில் துணி சுற்றிக்கொண்டான். இடது கைக்கு வேலையே இல்லை, ஆனால் அது தூக்கத்தில் பாயைப் பறித்தது, சோறு தின்னும்போது தட்டின் விளிம்பைப் பறித்தது.

"அந்தக் கையை அடக்கிவை," என்பாள் அம்மா செல்லக்கனி. "பாக்க என்னவோ மாதிரி இருக்கு."

அவளும் ஆற்றுக்குப் போவாள், ஆனால் குடம் கொண்டுபோகமாட்டாள். கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பாள், பாட்டு முடிகிறவரைக்கும் பார்ப்பாள், வடிய ஆரம்பிக்கும்போது முதல் ஆளாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மழைக்காலம் என்று பெயருக்கு ஒன்று வந்து போன பிறகு, ஆற்றின் கீழ்முனையில் இருக்கிற ஊர்க்காரர்கள் எங்கோ மனு கொடுத்து, வழக்காகி, குழிகளை நேரில் வந்து அளந்து பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. கீழ்முனை ஊர்களுக்கு எந்தப் பாட்டும் இல்லை, அவர்கள் கடல் நுழைந்த கிணற்றைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி லிவிங்ஸ்டனின் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காராமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஜீப்பு மணிக்கூண்டைத் தாண்டும்போது உனக்குப் போன் அடிப்பேன். ஆரம்பிச்சிரு. அவங்க திரும்பிப் போற வரைக்கும் நிறுத்தாத. கரை முட்டத் தண்ணி ஓடுத ஆத்துல எவன் குழியைத் தேடப்போறான்?"

"என்னால முடியாது அண்ணாச்சி."

"ஏம்டே?"

"அந்தக் குழியை யாராச்சும் பாக்கணும்னுதான் நான் அதைக் கட்டினேன். அதை வச்சே குழியை மூடச் சொல்லுதிய."

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் லிவிங்ஸ்டனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன் தம்பி விசயத்துல எனக்கு மட்டும் உறக்கம் வருதுன்னு நினைக்கியா?" என்றார். "தொழிலை மூடினா இந்தத் தெருவுல எத்தனை அடுப்பு எரியாதுன்னு ஒருதடவை நடந்து பாரு. நான் எடுத்த பாட்டுடே அது. கோயில்ல, எல்லார் முன்னாலயும்."

அவர் போனதும் உபதேசியார் வந்தார். வியாழக்கிழமை முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கெஞ்சினார்கள், ஏசினார்கள், ஒருத்தி இட்லி கொண்டுவந்தாள். "சட்டம் தெரியும்லா லிவி?" என்றார் உபதேசியார். "எடுத்தவர் சொல்லை மீறிக் கொடுத்தவன் வீம்பு பண்ணினா, காணிக்கை ரெண்டு பேருக்கும் இல்லாமப் போயிரும். எங்க அப்பா காலத்துல ஒருத்தன் தான் கொடுத்த ஆட்டை எடுத்தவருக்கு ஓட்டிவிடாம வீட்டுல கட்டி வச்சிக்கிட்டான். விடிஞ்சி பாத்தா கயிறு கட்டினபடி இருக்கு, கழுத்து இல்ல. நீ வாசிக்கலன்னா இந்தப் பாட்டை இனி யாரும் வாசிக்க முடியாது. நீயும் முடியாது. புதனும் கிடையாது, சனியும் கிடையாது. ஊர் மறுபடி உப்பைக் குடிக்கணும். அது உன் தலையிலதான் விழும்."

"ஊர் ஏற்கெனவே உப்பைத்தானே குடிச்சிது. அப்ப அது யார் தலையில விழுந்தது?"

"வாய் மட்டும் நல்லா இருக்குடே உனக்கு," என்றார் உபதேசியார், இட்லியில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், "வாசிச்சிட்டுப் போயேன் லிவி."

அவன் அவளிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

"நீயுமா? அவன் போன குழிம்மா அது."

"அதனாலதான் சொல்லுதேன்." அவள் ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினாள். "தண்ணி நிக்கும்போது அந்த இடம் எனக்குத் தெரியாதுல்லா. எல்லாம் ஒரே ஆறா இருக்கும். பிள்ளைக எல்லாம் குளிக்கும், அதுல ஒருத்தன் அவன்னு நினைச்சிக்கிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு நெஞ்சு அடைக்காம இருக்கு. வாரத்துல அந்த ரெண்டு நேரம். அதையும் புடுங்கிராத."

லிவிங்ஸ்டன் எழுந்து வெளியே போய் உப்புத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான், அம்மா சோறு போட்டாள், சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. வலை வைத்திருந்தவர்கள் வலையை எடுத்து வந்தார்கள், இல்லாதவர்கள் கொசுவலையை எடுத்து வந்தார்கள், பெண்கள் துணிமூட்டையோடு காய்ந்த படித்துறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வாழ்நாள் முழுக்க அந்த ஆற்றில் துவைக்கிறவர்கள்போல. எருமைகளும் வந்துவிட்டன. எல்லாரும் தண்ணீர் வரப்போகிற உயரத்துக்குச் சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு மணலைப் பார்த்து நின்றார்கள்.

லிவிங்ஸ்டன் கோயிலுக்குள் பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது. "ஆரம்பி," என்றார் அண்ணாச்சி.

முழுசையும் வாசித்துவிட்டால் என்ன என்று நினைத்தான். இரண்டாம் பாதியையும் சேர்த்து, அவர்கள் கண்முன்னாலேயே வடியட்டும். ஆனால் முதல் பாதியில் தண்ணீர் கரை முட்டினதுமே அதிகாரிகள், ஆறு நன்றாகத்தானே ஓடுகிறது என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். இரண்டாம் பாதிக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்? இந்த ஊரே உட்காரவில்லை.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். போன் மறுபடி அடித்தது, மறுபடி அடித்தது. அப்போது பாட்டு அவனிடமிருந்து போக ஆரம்பித்தது, கடைசியிலிருந்து. முதலில் அந்தச் சும்மா இருக்கிற நேரம் எவ்வளவு என்பது மறந்தது. பிறகு வலது கையில் மிஞ்சுகிற ஒற்றைக் கட்டை எது என்பது மறந்தது. இடது கை பறிப்பதை நிறுத்தியது, ஒரு வருஷமாகக் கட்டின இரண்டாம் பாதி முழுக்க, யாரும் கேட்காமலே, சுவர் ஈரம் காய்வதுபோல ஓரம் ஓரமாகக் காய்ந்துபோனது. எருமைப் பாகம் போனது. துணிப் பாகம் போனது. கரையிலிருந்து, "லிவி! லிவி!" என்று ஊர் மொத்தமும் கூப்பிட்டது, அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜீப் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

வாசலில் நிழல் தட்டியது. அம்மா. செருப்பைக்கூடக் கழற்றாமல், கோயிலுக்குள் செருப்போடு, மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"அவங்க குழிக்கிட்ட போயிட்டாங்க. டேப்பை வச்சி அளக்கப் போறாங்க. எல்லாரும் பாக்காங்க, என்னால அங்க நிக்க முடியல. வாசிடா."

"மறந்துகிட்டே இருக்கும்மா."

"எவ்வளவு ஞாபகம் இருக்கு?"

அவன் பார்த்தான். குடத்துப் பாகமும் போயிருந்தது. "முதல் கட்டை மட்டும்."

"அது போதும், ஒரு நூல் தண்ணியாச்சும் வரட்டும்," என்றாள். அவன் வலது கையை, துணி சுற்றின மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கி, பியானோவின் மேல் கொண்டுபோய், "எது? இதா? இதா?" என்று கேட்டுக் கேட்டு, அவன் கண் காட்டிக்கொடுத்த கட்டையின்மேல் அவன் விரலை வைத்தாள்.

"அமுக்கு," என்றாள்.

அவன் அமுக்கவில்லை.